பகல் டிரைவர்

என் தங்கை புருஷனுக்கு எங்கள் தெருவில் கோழி என்று பெயர். பொழுது சாய்ந்தால் கூட்டில் போய் அடைந்துகொள்வான் என்பதால் வந்த பெயர். வைத்தவள் நான்தான் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தவள்தான். இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறேன். இத்தனை வருடம் விஷயம் எங்கள் மூக்குக்கு நேரே நின்றிருக்கிறது, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவன் பள்ளிக்கூட வேன் டிரைவர். நான் அதே வேனில் ஆயா. பிள்ளைகளைத் தூக்கி ஏற்றி, இறக்கி, மூக்கைத் துடைத்து, கக்கினால் துணி போட்டு அள்ளி, "கதவுல கை வைக்காதே" என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற வேலை. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்று, "குடிக்க மாட்டார், புகை கிடையாது, வாயில கெட்ட வார்த்தை வராது, என் தங்கச்சி வீட்டுக்காரர்தான், நான் பொறுப்பு" என்று சொன்னேன். அந்த அம்மாவைப் பள்ளியில் எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்லாமல் விட்டது எனக்கே தெரியாது.

பகலில் அவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்து விட்ட மாதிரி பிள்ளைகள் உள்ளே உருண்டுகொண்டிருக்கும். அவன் பாட்டுக்கு வண்டியைத் தொட்டில் மாதிரி கொண்டுபோவான். பள்ளம் வந்தால் குலுக்காது, திருப்பம் வந்தால் சாய்க்காது. ஹாரனைக்கூட மரியாதையாகத்தான் அடிப்பான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் கண்ணாடியைப் பார்க்க மாட்டான். நான் இறங்கிப் பின்பக்கம் நின்று தகரத்தைத் தட்டுவேன். மெல்லத் தட்டினால் வரலாம். படாரென்று ஓங்கி அறைந்தால் நிற்க வேண்டும். "அக்கா கை இருக்கும்போது எனக்கு எதுக்குக் கண்ணாடி" என்பான். எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும்.

சாயங்காலம் என்று ஒன்று அவன் வாழ்க்கையில் கிடையாது. மாலையில் கல்யாண வரவேற்பா, அவனுக்கு வயிறு சரியில்லை. பள்ளி ஆண்டு விழாவா, அவனுக்குத் தலைவலி. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக் கை காய்வதற்குள் செருப்பைத் தேடுவான். "என்ன மாப்பிள்ளை, வீட்ல பொன்னு புதைச்சு வெச்சிருக்கீங்களா" என்று என் சித்தப்பா கேட்பார். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். கல்யாணத்துக்கு முன்பு லாரியில் கிளீனராக இருந்து ஓட்டப் பழகியவன். லாரியை விட்டது ஏன் என்று கேட்டதற்கு, ராத்திரி கண் விழித்தால் உடம்பு சூடாகிறது என்றான். பிறகு ஒரு சலவைக் கம்பெனியில் பகல் வண்டி. அதற்குப் பிறகு எங்கள் வேன்.

எங்கள் அப்பா ஒரு சாயங்காலம் இறந்துபோனார். தங்கை மட்டும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இவன் வரவில்லை. மறுநாள் நன்றாக விடிந்து வெயில் ஏறியபிறகு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றான். சித்தப்பா எல்லோர் முன்னாலும், "வாங்க மாப்பிள்ளை, தூக்கமெல்லாம் நல்லா ஆச்சா" என்றார். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். கல்நெஞ்சன் என்று பெயர் வாங்கினான். பெண்டாட்டி முந்தானை, கஞ்சன், திமிர் பிடித்தவன் என்று என்னென்னவோ பெயர் வாங்கினான். யார் எதைக் கொடுத்தாலும் கை நீட்டி வாங்கிக்கொண்டான். அப்போதாவது எனக்கு யோசனை வந்திருக்க வேண்டும், இவ்வளவு கெட்ட பெயரைச் சும்மா எவனாவது சுமப்பானா என்று. வரவில்லை. கோபம்தான் வந்தது.

எங்கள் ஊரில் முழு சூரிய கிரகணம் தெரியப்போகிறது என்று செய்தி வந்தது. நடுப்பகலில் சூரியன் மொத்தமாக மறைந்து இருட்டிவிடுமாம். பெரிய டீச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊருக்கு வெளியே உள்ள மைதானத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவது என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் கருப்புத் தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடி வாங்கினார்கள். அது இல்லாமல் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும் என்று பிள்ளைகளுக்கு தினமும் பாடம் நடந்தது. அறிவியல் டீச்சர் எங்களுக்கும் சொன்னாள்.

அவளிடம் போய் இவன் கேட்டது ஒரே கேள்விதான். "டீச்சர், எவ்வளவு நேரம் இருட்டா இருக்கும்?"

"முழுசா மறையுறது கொஞ்ச நிமிஷம்தான். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மங்கலா இருக்கும்."

"மங்கல்னா எப்படி, மேகம் போட்ட மாதிரியா, பொழுது சாஞ்ச மாதிரியா?"

அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். மறுநாளும் போய்க் கேட்டான். அதற்கு மறுநாள் லீவு கேட்டான், வயிறு சரியில்லை என்று. பெரிய டீச்சர் கொடுக்கவில்லை. இன்னொரு வண்டி டிரைவருக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. "ஊரே அண்ணாந்து பார்க்கப் போகுது, உங்க வயிறு மட்டும் ஏன் தம்பி இப்படிக் கிரகம் பிடிச்சு ஆட்டுது" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பயந்தாங்கொள்ளி, இருட்டுக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை மைதானத்துக்குப் பிள்ளைகளை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தான். வண்டியை ஓரமாக ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுச் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். சாப்பிடவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை.

மைதானத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊர் ஜனம் பூராவும் அங்கேதான். பிளாஸ்டிக் பொட்டலம் காலில் ஒட்டுகிறது. ஒருவன் காறித் துப்பிவிட்டு அதே இடத்தில் பாயை விரிக்கிறான். வானத்தில் இப்படி ஒன்று நடக்கிறது, பாதிப் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் தங்கள் மூஞ்சியைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் டீச்சர்கள் மட்டும் என்ன, பிள்ளைகளை வெயிலில் உட்காரவைத்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

நானும் அட்டைக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். சூரியன் ஒரு ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் வழக்கமான வெயில்தான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து மரத்தடிக்கு வந்தவள் தரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். இலை இடுக்கில் விழும் வெயில் எப்போதும் வட்டம் வட்டமாகத்தானே விழும். அன்று அத்தனையும் பிறை. மண்ணில், வேன் கூரையில், என் புடவையில், எல்லா இடத்திலும் நகம் வெட்டிப் போட்டது போல் சின்னச் சின்னப் பிறைகள். பிள்ளைகள் கைகளை நீட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. அழகு என்று சொல்ல வேண்டும்தான். எனக்கென்னவோ உடம்பில் ஏதோ ஊர்வது போல் கூசியது. கையை உதறிக்கொண்டேன்.

பிறகு வெளிச்சம் கெட ஆரம்பித்தது. கெட்டது என்றுதான் சொல்ல வேண்டும், குறைந்தது என்று சொன்னால் போதாது. சாயங்கால வெளிச்சத்தில் ஒரு மஞ்சள் இருக்கும், ஒரு இதம் இருக்கும். இதில் அது எதுவும் இல்லை. வெயில் அடிக்கிறது, சூடு இல்லை. நிழல்கள் கத்தியால் வெட்டின மாதிரி கூராக விழுகின்றன. பிள்ளைகளின் சிவப்புச் சட்டை பழைய ரத்தக் கறை போல் ஆயிற்று. பக்கத்தில் நின்ற டீச்சர் முகத்தைப் பார்த்தேன், சாம்பலைப் பூசியது போல் இருந்தது. என் கையைப் பார்த்தேன், என் கை மாதிரி இல்லை. காற்று சில்லென்று அடித்தது. காக்கைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு மரத்துக்குத் திரும்பின, வேன் மேலெல்லாம் எச்சம். மைதானத்து ஓரத்தில் இருந்த விளக்கு யாரும் போடாமல் தானாக எரிந்தது.

வேன் ஜன்னல் பக்கம் போனேன். "தம்பி, இறங்கிப் பாருங்க. ஆயுசுக்கும் இன்னொரு தடவை கிடைக்காது."

"வேணாம்க்கா." ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வண்டி நின்றுகொண்டிருக்கிறது, எஞ்சின் அணைந்திருக்கிறது, விரல்முட்டி வெளுக்கும்படி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து பெரிய டீச்சர் மைக்கை எடுத்தாள். முழுசாக இருட்டுகிற நொடியில் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம். பின்னால் பள்ளிப் பெயர் தெரிய வேண்டுமாம். பெயர் வேன் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது. "டிரைவர், வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ்ல கொண்டுவாங்க. குழந்தைங்க உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்துல நிறுத்துங்க. சீக்கிரம், இருட்டப் போகுது."

அவன் அசையவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். போட்டோ எடுக்கிறவனும் கையை ஆட்டினான். "கொஞ்சம் கழிச்சு எடுக்கிறேன் டீச்சர்" என்று இவன் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது. மூன்றாம் தடவை அவள் குரலில் அதிகாரம் ஏறியது. "சொன்னாக் கேக்க மாட்டீங்களா? வேலைக்கு வந்திருக்கீங்களா, வேடிக்கை பார்க்க வந்திருக்கீங்களா?"

இந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண் தெரியவில்லை என்று. வண்டி கெட்டுப்போச்சு என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய்யில் பி.ஏ. பட்டம் வாங்கியவன்தானே. அவன் சாவியைத் திருகினான்.

நான் பின்பக்கம் ஓடித் தகரத்தைத் தட்டினேன். வண்டி மெல்ல வந்தது. கடைசி வரிசையில் எல்.கே.ஜி. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, அட்டைக் கண்ணாடியோடு அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. கருப்புத் தாள் வழியே சூரியனைத் தவிர வேறு எதுவும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் வண்டி வருவது அவற்றுக்கு எப்படித் தெரியும்? போதும் என்று ஓங்கி ஒரு அறை அறைந்தேன்.

அதே நொடியில் சூரியன் அணைந்தது. திரி அணைந்தது போல் பொசுக்கென்று இருட்டு. மைதானம் முழுக்க ஓவென்று கத்தியது. விசில், கைதட்டல், யாரோ பட்டாசுகூட வெடித்தான். என் அறை எனக்கே கேட்கவில்லை. இன்னொரு அறை அறைந்தேன், இரண்டு கையாலும் அறைந்தேன். வண்டி வந்துகொண்டே இருந்தது. ரிவர்ஸ் விளக்கின் வெள்ளை வெளிச்சம் பிள்ளைகளின் முதுகில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரிகிறது, பக்கக் கண்ணாடியில் அவனுக்கும் தெரிந்துதானே ஆக வேண்டும்?

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருகினேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

அவன் என் பக்கம் திரும்பினான். என் பக்கம் என்றால் என் முகத்தை அல்ல, என் காதுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்தான். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன, பொம்மைக் கண் மாதிரி. "அக்கா, யார் மேலயாவது பட்டுச்சா? சொல்லுங்கக்கா. யார் மேலயாவது பட்டுச்சா?"

பின்னால் போய்ப் பார்த்தேன். சக்கரத்தடியில் ஒரு தண்ணீர் பாட்டில் நசுங்கிக் கிடந்தது. அதன் சொந்தக்காரக் குழந்தை கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தலையை நிமிர்த்தினேன். மேலே ஒரு கருப்பு வட்டம், அதைச் சுற்றி வெள்ளையாக முடி விரித்த மாதிரி ஏதோ ஒளி. தூரத்தில் நாலு பக்கமும் அடிவானம் ஆரஞ்சு நிறத்தில். ஊர் ஊராகக் காசு செலவழித்து வந்து பார்க்கிறார்களாம் இதை. எனக்கு வாந்தி வந்தது. மரத்தடிக்குப் போய்க் கக்கினேன். பிள்ளைகள் கக்கினால் அள்ளுகிற கைதான், அன்று என்னுடையதை மண்ணைத் தள்ளி மூடியது.

வெளிச்சம் திரும்பி வந்தது. அவன் கண்ணும் திரும்பி வந்தது. பெரிய டீச்சர் ஓடிவந்து, "என்ன ஆச்சு டிரைவர்" என்றாள். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "கண்ணாடி போடாம சூரியனைப் பார்த்துட்டேன் டீச்சர். கண்ணு இருட்டிடுச்சு."

அவ்வளவுதான். அவளுக்கு அடுத்த பாடம் கிடைத்துவிட்டது. மைக்கில், "குழந்தைகளே, டிரைவர் அங்கிளைப் பாருங்க, வெறும் கண்ணால சூரியனைப் பார்த்ததால என்ன ஆச்சுன்னு" என்று ஆரம்பித்தாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு பழமொழியையும் போட்டாள். டீச்சர்கள் சிரித்தார்கள். ஒருத்தி அவனுக்குப் பழரசம் வாங்கிக் கொடுத்தாள். அவன் குடித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு மேலே கொஞ்சம் குழம்பும் ஊற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். நல்ல வெயில். ஒரு குலுக்கல் இல்லை. நான் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அப்பா செத்த வீட்டுக்கு வராதது, லாரியை விட்டது, ஆண்டு விழாத் தலைவலி என்று ஒவ்வொன்றாக அந்தப் பிடரியில் வந்து உட்கார்ந்தது. மாலைக்கண். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வியாதி. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். அவனும் பின்னாலேயே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அடிக்கடி வந்துபோகிற வீடுதான். அன்றுதான் முதல்முறை கண்ணைத் திறந்து பார்த்தேன். வாசலிலிருந்து கக்கூஸ் வரை துணி காயப்போடாத ஒரு கொடிக்கயிறு. படி விளிம்பெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். நாற்காலி, குடம், செருப்பு எதுவும் ஒரு விரல் நகராமல் அதனதன் இடத்தில். தங்கை சுத்தக்காரி என்று சொந்தமெல்லாம் மெச்சும். சுத்தமாம்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு" என்றேன்.

அவள் நடிக்கவில்லை. அழ ஆரம்பித்தாள். "கல்யாணம் ஆன அன்னைக்கே தெரியும்க்கா. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து சுவத்துல முட்டிக்கிட்டார். சின்ன வயசுலேருந்தே இருக்காம். வைத்தியம் கிடையாதுன்னுட்டாங்களாம். வருஷம் போகப் போக ஜாஸ்தியாகும்னும் சொன்னாங்களாம்."

"ஜாஸ்தியாகும்னு தெரிஞ்சுமா வண்டி ஓட்ட அனுப்பின?"

"பகல்ல ராஜா மாதிரி ஓட்டுறார்க்கா. நீயே சொல்லுவியே. ஒரு நாளாவது எங்கேயாவது இடிச்சாரா? ஒரு கீறல் உண்டா? இன்னைக்கு என்னவோ வானம் பண்ண வேலை. இனிமே இப்படி ஒண்ணு வர நம்ம ஆயுசு போதாது. நீ மட்டும் வாயைத் திறக்காம இருந்தா யாருக்கும் தெரியாது. இந்த வேலையும் போச்சுன்னா அவருக்கு என்ன தெரியும், சொல்லு. ஓட்டுறதைத் தவிர என்ன தெரியும்?"

உண்மையைச் சொன்னால் என் கோபம் இளகிவிட்டது. கூடப்பிறந்தவள் அழுதால் யாருக்குத்தான் இளகாது? அவன் இடித்ததில்லைதான். அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பது போலத் தோன்றியது. சாயங்காலத்துக்குள் வண்டி திரும்பிவிடுகிறது. மழைநாளில் மட்டும் நான் முன்னால் உட்கார்ந்துகொள்ளலாம். இப்படியெல்லாம் என் மனசே கணக்குப் போட்டது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட வாய்வரை வந்தது. என்னைக் கேட்டால் அன்றைக்கு நடந்ததிலேயே அசிங்கம் அந்த நிமிஷம்தான்.

அவள் மூக்கைச் சிந்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன பொறுப்பில்லாதவளாக்கா? ஜாக்கிரதையாத்தான் இருக்கேன். என் பொண்ணை ஒரு நாள்கூட அந்த வண்டியில ஏத்தினதில்ல, தெரியுமா?"

அவள் பெண் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். வண்டி ஏறினால் வாந்தி வரும் என்று நடந்தே வருவாள். பாவம், இந்த வெயிலில் நடக்கிறதே என்று தினமும் ஜன்னல் வழியே அவளைப் பார்த்துக்கொண்டு போவேன்.

தங்கை அதைப் பெருமையாகச் சொன்னாள். என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். தப்பை ஒப்புக்கொள்கிற குரல் இல்லை அது. பார், நான் எவ்வளவு அக்கறைக்காரி என்கிற குரல். சொல்லி முடித்த பிறகும் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை உதறினேன். "சீ" என்றேன். "உன் பொண்ணு நடக்கணும், ஊரான் பிள்ளை ஏறணும். சரி, அதை விடு. நான் தினமும் அதுலதானேடி ஏறுறேன். என்னை ஏத்தினியே."

அவள் வாய் திறந்தபடி நின்றது. அந்த யோசனை அவளுக்கு வந்ததே இல்லை என்று தெரிந்தது. 

நான் செருப்பை மாட்டும்போது சுவரோரமிருந்து அவன் முதல்முறையாகப் பேசினான். "போய்ச் சொல்லிடுங்கக்கா. நானா நிறுத்த மாட்டேன். நாளைக்குக் காலையில வெளிச்சம் வந்ததும் எல்லாம் மறந்துபோய் வண்டியில ஏறி உட்கார்ந்துருவேன். எனக்கு என்னைத் தெரியும்."

அவனை அன்றுவரை நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அன்று அதெல்லாம் போனது. "அதுக்கும் நான்தான் வேணுமா உனக்கு? பின்னாடி தட்டுறதுக்கு நான், வேலை வாங்கித் தர்றதுக்கு நான், இப்ப காட்டிக்கொடுக்கவும் நானா? உன் வாய் எங்க போச்சு? எழுந்திரு. பொழுது இருக்கும்போதே நீயே வந்து சொல்லு."

தங்கை வாசலில் குறுக்கே நின்றாள். "நீயெல்லாம் கூடப்பிறந்தவளா" என்று கேட்டாள்.  அவன் அவளை மெல்ல விலக்கிவிட்டு வெளியே வந்தான்.

பள்ளிக்குப் போனோம். பெரிய டீச்சர் தன் அறையில் அன்றைய போட்டோக்களை அச்செடுத்து மேஜையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். சூரியனைப் பார்க்கவில்லை, இருட்டினால் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்று எல்லாவற்றையும் சொன்னான். அவள் அதிர்ந்துதான் போனாள். ஆனால் அதிர்ச்சி ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்தான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இதை வெளியில யார்கிட்டயும் சொல்லல இல்ல? பேரண்ட்ஸ் காதுக்குப் போச்சுன்னா வம்பு. இப்ப திடீர்னு டிரைவருக்கு நான் எங்க போவேன்? இன்னொரு ஆள் கால் ஒடிஞ்சு படுத்திருக்கான். பகல்லதானே ஓட்டுறீங்க. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் ஜாக்கிரதையா ஓட்டுங்க. கிரகணம் என்ன தினமுமா வருது?"

அவள் சொன்னதையேதான் என் தங்கையும் சொன்னாள். ஒருத்தி படித்தவள், ஒருத்தி படிக்காதவள், நாக்கு ஒன்றுதான். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவன் சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அவள் மேஜையில், அந்தப் போட்டோக்களின் மேல் வைத்தான்.

"என் பொண்ணை நானே அந்த வண்டியில ஏத்துறதில்ல டீச்சர்."

அவள் சாவியைத் தொடவில்லை.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நிஜமான சாயங்காலம், அதற்குரிய மஞ்சளோடு. பள்ளிக் கேட்டைத் தாண்டிப் பத்தடி நடந்தவன் நின்றுவிட்டான்.  தெரு முழுக்க ஆட்கள். கடைக்காரன் பார்த்தான், குழாயடியில் நின்ற பெண்கள் பார்த்தார்கள், எங்கள் வேனில் வருகிற ஒரு பிள்ளையின் அம்மாவும் நின்று பார்த்தாள். இந்த நேரத்தில் அவனை யாரும் தெருவில் பார்த்ததில்லை. அவன் கையை முன்னால் நீட்டி, காற்றில் எதையோ தேடுகிற மாதிரி துழாவினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கையால்தானே ஸ்டீயரிங்கைப் பிடித்தான். போய்ப் பிடித்தேன். வேர்த்துச் சில்லென்று இருந்தது.

கொஞ்ச தூரம் நடந்தபிறகு கேட்டான். "அக்கா, இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல. உன்னைப் பார்த்தாலே குமட்டுது. காலை எட்டி வை, முன்னாடி சாக்கடை இருக்கு."